இன்னும் ஒரு நூல்

ஆனி 3, திங்கள்

சர்க்கரை 162.

டாக்டரம்மா தினமும் காலையில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். பேத்தி தாரணி அவளுடைய ஆபீசில் கொடுத்த டைரியைத் தந்தாள். போன வருஷத்து டைரி, கிழமை ஒன்றும் ஒத்து வரவில்லை. நாள்காட்டியைப் பார்த்து நானே தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன். எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது, அதனால் நாலு வரி சேர்த்து எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆறாவது சேர்க்காதவர் என் அப்பா. அவர் போய் நாற்பது வருஷம் ஆயிற்று, இன்னும் நான் அவரை மன்னிக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டு மேஜை மேல் செய்தித்தாளை விரித்து அதில் ஒரு இரும்புச் சக்கரத்தைத் தூக்கி வைத்தாள் தாரணி. கை முழுக்க கிரீஸ்.

"சோறு திங்கற எடத்துல என்ன இது?"

"அம்முச்சி, இது எத்தன கிலோ இருக்கும்னு சொல்லுங்க பாக்கலாம்."

"எட்டரை. மொதல்ல அதக் கீழ எறக்கு."

அவள் தராசில் வைத்துப் பார்த்தாள். எட்டு கிலோ நானூற்றைம்பது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். இவள் அம்மா பிறப்பதற்கு முன்னாலேயே அந்தச் சக்கரத்தைத் தூக்கிய கை இது.

பிளைவீல் என்பார்கள். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே சுற்றுகிற தட்டு. சுற்ற ஆரம்பித்தால் தன் கனத்தாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முதுகில்தான் கிளட்ச் உட்காருகிறது.

ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நாற்பத்தெட்டு வருஷம் நின்ற பியட் காரை இந்தப் பெண் இரண்டு வருஷமாகப் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறாள். எஞ்சின் முடிந்துவிட்டது. இப்போது கியர் பாக்ஸை இறக்கி வைத்திருக்கிறாள். மறுபடி ஏற்றுவதற்குள் பிளைவீலும் கிளட்சும் எது என்று முடிவு செய்துவிட வேண்டுமாம். ஏற்றிவிட்டால் பிறகு இறக்குவது பெரிய வேலை.

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடு என்றேன். ஆடியில் புதிதாக எதையும் ஓட்ட விடமாட்டேன். காரின் ஆர்.சி. புத்தகம் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.


ஆனி 5, புதன்

சர்க்கரை 155. பாகற்காய் பொரியல்.

தாரணி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வழி சொன்னாள். வெளிநாட்டிலிருந்து வருகிற அலுமினியச் சக்கரம் ஒன்று. நாலு கிலோ கூட இல்லை. இருக்கிற வார்ப்பிரும்பையே லேத்தில் கொடுத்துக் கடைந்து இளைக்க வைப்பது இன்னொன்று. இல்லையென்றால் உலையில் அடித்த எஃகுக் கட்டி வாங்கிப் புதிதாகவே கடைவது.

"கனம் கொறஞ்சா என்ன ஆகும்?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"மிதிச்ச ஒடனே எஞ்சின் சட்டுனு ஏறும் அம்முச்சி. கியர் மாத்தறப்ப டக்குனு எறங்கும். ஓட்டறவங்களுக்கு அது தனி சொகம்."

"சிக்னல்ல நின்னு கெளம்பறப்ப?"

அவள் சிரித்துவிட்டாள். "கரெக்டா அங்க கைய வக்கறீங்க. ஆஃப் ஆயிரும். கனமான சக்கரம்னா கொஞ்சம் அசந்தாலும் அது இழுத்துட்டுப் போயிரும். லேசானது மன்னிக்காது."

எனக்குத் தெரியாதா? எழுபத்தைந்தில் என் வீட்டுக்காரர் முதல்முதலாகச் சக்கரத்தை லேத்துக்காரர் கணக்கில் ஒரு நூல் இளைத்துப் பூட்டிக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒப்பணக்கார வீதியில் போனார். தீபாவளிக் கூட்டம். நாலு அடிக்கு ஒரு தரம் வண்டி இருமிவிட்டு நின்றது. பின்னால் பஸ்காரன் ஆரனில் கையை வைத்தபடியே இருந்தான். ஜவுளிக்கடை வாசலில் நின்ற பொம்பளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கிளட்சை மிதித்து மிதித்து அவருடைய இடது கால் நடுங்கியதை நான் பார்த்தேன். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவர், "சிரிக்காதடி, இன்னொருக்கா நின்னா நீதான் எறங்கித் தள்ளணும்" என்றார். பட்டுப்புடவையோடு தள்ளினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

கிளட்சிலும் இரண்டு வகை சொன்னாள் தாரணி. செம்புக் கட்டிகள் பதித்த பிளேட் ஒன்று, வழக்கமான பிளேட் ஒன்று. செம்பு நாய் மாதிரி கவ்வுமாம், பாதிப் பிடி என்பதே கிடையாதாம். "பந்தயத்துக்குச் சரி. நான் பீளமேடு ஆபீசுக்குப் போகணும், உங்களக் கூட்டிட்டுக் கோத்தகிரி போகணும்" என்றாள்.

கோத்தகிரி என்றதும் எழுந்து வந்துவிட்டேன். பந்தயம் முடிந்ததும் கோத்தகிரி கூட்டிப் போகிறேன் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார்.


ஆனி 6, வியாழன்

சர்க்கரை 149. கியாஸ்காரன் வரவில்லை. நாளைக்கு வரட்டும், கேட்கிறேன் அவனை.


ஆனி 9, ஞாயிறு

சர்க்கரை 158. தாரணி தலைக்குக் குளிக்கவில்லை, காருக்கு அடியில் கிடக்கிறாள்.

ஷெட்டிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தால் எனக்கு வயசு இருபத்து நாலு ஆகிவிடுகிறது.

அப்போது ஷெட்டு வீடாக இல்லை, வீடுதான் ஷெட்டாக இருந்தது. மெட்ராஸ் பக்கம் சோழவரத்துக் கார்ப் பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வாசல் முழுக்க ஆள். எண்ணெய்க் கறையில்லாத துண்டு ஒன்று வீட்டில் தேடினாலும் கிடைக்காது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே எந்த எஞ்சின் இருமுகிறது என்று சொல்லுவேன். அவர் கார்புரேட்டரைத் திருப்பிவிட்டு, "இப்ப எப்படி?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்பார். "இன்னும் கொஞ்சம்" என்பேன். இன்னும் கொஞ்சம் திருப்புவார். அந்த மாதிரி ஒருத்தர் என்னை எதுவும் கேட்டதில்லை, அதற்கு முன்னாலும் பின்னாலும்.

அவருடைய அண்ணனும் பந்தயத்தில் ஓட்டுவார். ஹெரால்டு என்கிற கார். எழுபத்தைந்தில் அண்ணன் முந்திவிட்டார், எங்கள் வண்டி அதற்குப் பின்னால் வந்தது. அந்தத் தீபாவளிக்கு மாமியார் வீட்டில் எல்லோரும் பந்தியில் இருக்கும்போது என் ஓரகத்தி, அந்த அண்ணன் பெண்டாட்டி சம்பூரணம், அதிரசத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "தெய்வாத்தா, உங்க காருக்கு இந்த வருசம் பெயிண்ட் அடிக்க வேண்டாம். எங்க காரு தூசியே போதும்."

பதினோரு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். அவரும் சேர்ந்து சிரித்தார், அதுதான் தாங்கவில்லை. அந்த அதிரசத்தை நான் தின்னவில்லை. இன்று வரை யார் வீட்டிலும் அதிரசம் தின்பதில்லை.

அடுத்த பந்தயத்துக்குச் சக்கரத்தை மறுபடி இளைக்க முடிவு செய்தார். இந்த முறை புதுச் சக்கரம், இரண்டு நூல். அதோடு மாற்றுக்கு வாங்கி வைத்த இன்னொன்றுதான் இப்போது தாரணி கையில் இருக்கிறது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எங்கள் பக்கத்து லேத்துகளில் அப்போது அப்படித்தான் பேசுவார்கள். நோட்டில் கணக்குப் போட்டு, மூன்று நாள் யோசித்து, "ரெண்டு நூல். அதுக்கு மேல வார்ப்பு தாங்காது" என்றார்.

கடைந்தவன் ஆறுக்குட்டி. அவருடைய சிநேகிதன், பட்டறையும் பக்கத்துத் தெருதான். மார்கழி மாதம் முழுக்க பட்டறைக்குச் சோறு நான்தான் தூக்குப்போசியில் கொண்டு போவேன். அவனுக்கும் சேர்த்து. சக்கரம் லேத்தில் ஏறிய அந்தச் செவ்வாய்க்கிழமையும் நான்தான் கொண்டு போனேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இரண்டு நூல் எடுக்க வேண்டியவன் மூன்று எடுத்துவிட்டான். தை மாதம் விடியற்காலையில் நீலாம்பூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது சக்கரம் வெடித்தது. இரும்புத் துண்டு தரையைப் பிளந்துகொண்டு வந்து அவருடைய இடது பாதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறுக்குட்டிக்கு ஒரு கீறல் இல்லை. அதற்கும் எனக்குக் கோபம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும், "கை தவறி ஒரு நூல் அதிகமாப் போயிருச்சுங்க" என்று அழுதான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்புச் செய்தவன் பார்க்க மாட்டான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.


ஆனி 11, செவ்வாய்

சர்க்கரை 187.

"எஃகுதான் அம்முச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் தாரணி. "முடிவு பண்ணிட்டேன். ஆறு கிலோகிட்ட. ரொம்பக் கனமும் இல்ல, ரொம்ப லேசும் இல்ல. கிளட்சு சாதா பிளேட்டு, ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் இறுக்கமா. சங்கனூர் ரோட்டுல ஒரு பெரியவரு இருக்காரு, எழுவத்தாறு வயசு. கோயமுத்தூர்ல அவரு மாதிரி கடையறதுக்கு ஆளில்லைன்னு எங்க ஆபீசுல எல்லாருமே சொல்றாங்க. பேரு ஆறுக்குட்டி."

டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்தேனா, போட்டேனா தெரியாது.

"அவன் கை பட்ட சாமான் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"யாரு அம்முச்சி அவரு?"

"உங்க அப்புச்சி கால எடுத்தவன்."

அவளுக்குக் கார் வெடித்ததும் அப்புச்சி கால் போனதும் தெரியும், யார் கடைந்தது என்று தெரியாது. இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. இரண்டு நூல் எடுக்க வேண்டியவன் கை தவறி மூன்று எடுத்த கதையை இன்றைக்குத்தான் சொன்னேன். அவன் மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது, திருப்பி அனுப்பினேன். அவன் பெண்டாட்டி செத்தபோது துக்கம் கேட்கப் போகவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் எழவுக்கு மாலையோடு வாசலில் வந்து நின்றான். மாலையை மட்டும் உள்ளே வாங்கி, அவன் திரும்பிப் போனதும் குப்பையில் போட்டேன்.

அவரிடம் ஒரு குணம். அவன் மேல் ஒரு சொல் சொன்னதில்லை. நான் திட்டும்போதெல்லாம் பேப்பரைப் படிப்பார். கட்டைக் காலை மாட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூசையன்றைக்கு, மருதமலைக்குப் போய்விட்டு வருவார். ஆட்டோவில் தனியாகத்தான் போவார், என்னைக் கூப்பிட மாட்டார். வரும்போது காகிதப் பொட்டலத்தில் பொரியும் கடலையும் கொண்டு வந்து என் கையில் தருவார். கோயிலில் ஏது பொரி என்று ஒரு தடவை கேட்டேன். "குடுத்தாங்க" என்றார்.


ஆனி 12, புதன்

சர்க்கரை 194. தாரணியோடு பேச்சு இல்லை.


ஆனி 14, வெள்ளி

சர்க்கரை 176. தக்காளி சோறு செய்தேன். தின்றாள், பேசவில்லை. பிடிவாதம் யாரைக் கொண்டு வந்திருக்கிறது என்று தெரியவில்லை.


ஆனி 17, திங்கள்

சர்க்கரை 203.

இன்றைக்கு அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்முச்சி, நான் அவரைப் போயிப் பாத்தேன்."

"பாத்துக்கோ."

"நீங்க சொன்னதக் கேட்டதுல இருந்து எனக்கு ஒண்ணு ஒதைக்குது. ஒரு நூல்னா மூணு மில்லிக்கு மேல. கை தவறுனா தலமயிர் அளவு போகும், மிஞ்சிப்போனா அதுல ரெண்டு மடங்கு. மூணு மில்லி எடுக்கணும்னா உளிய மறுபடி மறுபடி ஓட்டணும். நிறுத்தி நிறுத்தி, அளந்து அளந்து ஓட்டணும். ஒரு மணி நேர வேலை. அது கை தவறுறது இல்ல."

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"வேணும்னே எடுத்தாத்தான் அது போகும். அதையே அவருகிட்டக் கேட்டுட்டேன். அவரு மகன், மருமக, வேலைக்காரங்க எல்லாரும் இருந்தாங்க. 'எங்க அப்புச்சி மேல உங்களுக்கு என்ன பொறாமை? இது கை தவறுன அளவா?'ன்னு கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. 'எந்தப்புத்தான் கண்ணு'ன்னாரு. அவ்வளவுதான். மறுத்து ஒரு வார்த்த பேசல."

"மகன் என்ன சொன்னான்?"

"அவங்கப்பாவ ஒரு மாதிரி பாத்தாரு. அப்பறம் உள்ள போயிட்டாரு." ஒரு பூண்டை எடுத்து உரித்துக்கொண்டே, "நீங்க சொன்னதுதான் சரி அம்முச்சி. நாந்தான் உங்களப் புரிஞ்சுக்கல. அவரு கை பட்டது நம்ம வீட்டுக்கு வேண்டாம்" என்றாள்.

நாற்பத்தெட்டு வருஷமாக நான் சொன்னதை ஒருத்தி முழுசாக ஒப்புக்கொண்டாள். ஒரு கிலோ பூண்டையும் உரித்து முடித்தேன். அவ்வளவு பூண்டு தேவையே இல்லை.


ஆனி 19, புதன்

சர்க்கரை 228. டாக்டரம்மாவுக்குப் போன் போடச் சொல்கிறாள் தாரணி. போடவில்லை.

எஃகு வேண்டாமாம். ஆடிக்கு நாள் இல்லை, இருக்கிற வார்ப்பிரும்பையே ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்தில் கொடுத்து இளைக்கப் போகிறாளாம். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"வார்ப்பு வேண்டாம்" என்றேன்.

"கணக்குப் போட்டுட்டேன் அம்முச்சி. ரெண்டு நூல் வரைக்கும் தாங்கும். பயமே வேண்டாம். அப்புச்சி போட்ட கணக்கும் சரி. அவரு சொன்ன ரெண்டோட நின்னிருந்தா அது வெடிச்சே இருக்காது."

"ரெண்டுன்னு சொல்லுவ, மூணாப் போயிரும்."

"ஏன் போகுது? நான் சொன்னா சொன்னதுதான். நடுவுல யாரு வந்து மாத்தப் போறாங்க?"

கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனேன். மழை ஒன்றும் வரவில்லை.


ஆனி 20, வியாழன்

சர்க்கரை 241. அவரும் இடது காலைத்தான் கிளட்ச் மேல் வைத்திருந்தார். தாரணியின் செருப்பை வாசலில் பார்த்தேன். சின்னப் பாதம்.


ஆனி 22, சனி

சர்க்கரை பார்க்கவில்லை.

காலையில் கொள்ளு ரசம் வைத்தேன். தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு, தாரணி ஆபீஸ் கிளம்பியதும் ஆட்டோ பிடித்தேன். சங்கனூர் ரோடு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. நாற்பத்தெட்டு வருஷமாக நான் அந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டே போய் வந்திருக்கிறேன்.

பட்டறை முன்னால் இருந்ததைவிடப் பெரிசு. ஆனால் மூலையில் பழைய லேத் அப்படியே நிற்கிறது. அதன் பக்கத்தில் ஸ்டூலில் ஆறுக்குட்டி. முடியெல்லாம் பஞ்சு. ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. போசியைக் கீழே வைத்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கினான்.

"வாங்க அண்ணி. உக்காருங்க."

நேற்றுப் பார்த்தவன் மாதிரி சொன்னான். மகன் இந்தப் பக்கம் வந்தான், என்னைப் பார்த்தான், தலையாட்டாமல் போய்விட்டான். அவன் கோபம் நியாயம்.

"ஏன் சொல்லல?" என்றேன். வேறு எதையும் முன்னால் பேச வரவில்லை.

"என்னத்தச் சொல்றது?"

"அந்தச் செவ்வாக்கிழம சோறு கொண்டாந்தப்ப நாந்தான் சொன்னேன்னு. இன்னும் ஒரு நூல் எடுக்கச் சொன்னாரு அவருன்னு உங்கிட்டப் பொய் சொன்னது நானுன்னு."

இந்த டைரியில்கூட நான் எழுதாமல் விட்டது இது.

அவன் லேத்தின் சுழல் தலையைக் கையால் உருட்டினான்.

"அண்ணி, லோகண்ணன் கால் நூலுக்கே மூணு நாள் யோசிக்கறவரு. மூணாவது நூலச் சோத்துப்போசியோட சொல்லி அனுப்புவாருங்களா? நீங்களாத்தான் சொல்றீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வெட்டுன?"

"தெரிஞ்சேதான் வெட்டுனேன். அந்த வருசம் அந்த ஹெரால்டு முன்னாடி போறதப் பாத்து எனக்கும் வயிறு எரிஞ்சுதுங்க. எனக்கும் ஜெயிக்கணும். நீங்க வந்து சொன்னது எனக்குச் சாக்கு. உளியப் புடிச்சது எங் கை. அதுல பாதிய உங்க மேல எறக்கி வெச்சா எனக்குப் பாரம் கொறையுமா?"

"நான் உன்ன வாசல்ல நிக்க வெச்சேன். உம் பொண்டாட்டி எழவுக்கு வரல."

"வந்திருக்கலாம்" என்றான். அது ஒன்றுதான் அவன் என்னைக் குறை சொன்னது. "அவ உங்க கொள்ளு ரசத்தக் கடசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவன் பழைய மேஜை இழுப்பறையைத் தேடி, துணியில் சுற்றிய ஒரு இரும்புத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தான். ஓரம் உடைந்த சில்லு.

"லோகண்ணனுக்கும் தெரியுமுங்க."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. ஆஸ்பத்திரில இருந்து வந்த வருசம் ஆயுத பூசைக்கு வந்தாரு. இந்தத் துண்ட எடுத்து அளந்து பாத்தாரு. 'ஆறு, உங் கை ஒரு நூல் தவறாது'ன்னாரு. நான் வாயத் தொறக்கல. அவரு துண்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கடசில, 'அவ சோறு கொண்டாந்த அன்னிக்கா?'ன்னாரு. நான் குனிஞ்சுக்கிட்டேன். பொரிய வாங்கிட்டுப் போயிட்டாரு. அப்பறம் வருசா வருசம் வருவாரு. ஒரு டீ குடிப்பாரு. ஒருக்காகூட அந்தப் பேச்ச எடுக்கல."

முப்பத்தெட்டு வருஷம். முப்பத்தெட்டுப் பொட்டலம் பொரி. ஒவ்வொரு வருஷமும் வாங்கி, கடலையைத் தனியாகப் பொறுக்கித் தின்றிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்து பேப்பரைப் படித்துக்கொண்டிருப்பார்.

புறப்படும்போது, "ரசம் ஆறிரும், சாப்பிடுங்க" என்றேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, 'சாப்பிடு' என்று சொல்லாமல் 'சாப்பிடுங்க' என்று சொல்லியிருக்கிறேன்.

நேராக ஆவாரம்பாளையம் போனேன். சக்கரம் இன்னும் லேத்தில் ஏறவில்லை. என் பேத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று சொல்லி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுபடியும் இன்னொருத்தர் பேரில் ஒரு பொய். இதை அவளிடம் சொல்லிவிடுவேன்.


ஆனி 23, ஞாயிறு

சர்க்கரை 190.

சொன்னேன். இட்லி தின்று முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"அந்த மூணாவது நூல் ஆறுக்குட்டி எடுத்ததில்ல. நான் எடுக்க வெச்சது. உங்க அப்புச்சி சொன்னாருன்னு பொய் சொல்லி."

தாரணி கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு அம்முச்சி?"

"சம்பூரணம் எங்க காரத் தூசின்னு சொல்லிட்டா."

"தூசியா?"

"ஆமா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள், "நான் அத்தன பேரு முன்னாடி அவரப் போயிக் கேட்டுட்டனே" என்று மட்டும் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நாள் முழுக்க ஷெட்டில் ஸ்பானர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.


ஆனி 24, திங்கள்

சர்க்கரை 171. காலையில் என்னிடம் சொல்லாமல் சங்கனூர் ரோட்டுக்குப் போனாளாம். மகன், மருமகள், வேலைக்காரர்கள், அன்றைக்கு இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி மன்னிப்புக் கேட்டாளாம். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பூண்டு ஊறுகா போடுங்க, அவ்வளவு பூண்டும் காஞ்சு போகுது" என்றாள்.


ஆனி 27, வியாழன்

சர்க்கரை 152.

எஃகுக் கட்டி நேற்று ஆறுக்குட்டியின் லேத்தில் ஏறியது. இன்று முடித்துவிட்டார். கண் சரியில்லை என்று அளப்பதற்கு மட்டும் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், உளி அவர் கையில். சுருள் சுருளாக எஃகு உரிந்து விழுந்தது, கத்தரிக்காய்த் தோல் நிறத்தில். அந்தச் சூட்டெண்ணெய் வாசனை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில் சத்தம் லேசாக மாறியது. "உளி மழுங்கிருச்சு" என்று நானும் அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மகன் முதல்தடவையாகச் சிரித்தான்.

ஐந்தே முக்கால் கிலோ. பேலன்ஸ் பார்த்துத் தந்துவிட்டார்கள்.


ஆனி 30, ஞாயிறு

சர்க்கரை 146.

கார் ஓடியது.

காலையில் தார்ப்பாய் மடித்து மூலையில் கிடந்தது. சங்கனூர் ரோட்டுக்குப் போய் ஆறுக்குட்டியை ஏற்றிக்கொண்டோம். முன் சீட்டில் நான் இருந்தேன். இறங்கி அவரை அங்கே உட்காரச் சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக அந்த சீட்டில் உட்கார்ந்த நாளை அவர் நினைத்திருப்பார், நானும் அதைத்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்தார்.

அவினாசி ரோட்டில் ஒரு சிக்னலில் மட்டும் வண்டி இருமிவிட்டு நின்றது. பின்னால் பஸ்காரன் ஆரனில் கையை வைத்தான். அதே ஆரன்தான், நாற்பத்தொன்பது வருஷத்தில் அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. "எறங்கித் தள்ளட்டுமா?" என்றேன். ஆறுக்குட்டி தோள் குலுங்கச் சிரித்தார். தாரணி இரண்டாவது முயற்சியில் கிளப்பிவிட்டாள், அதன் பிறகு நிற்கவே இல்லை. கிளட்ச் வெண்ணெய் மாதிரி பிடிக்கிறது என்றாள். நீலாம்பூர் தாண்டும்போது எஞ்சின் மட்டும் பேசியது. அது ஏறுகிற சத்தத்தில் சமையலறையும் வெங்காயமும் "இப்ப எப்படி?" என்ற குரலும் வந்து போயின.

திரும்பிப் பட்டறை வாசலில் நிறுத்தினாள். முகமெல்லாம் பல்.

"செமயா ஏறுதுங்க தாத்தா. ஆனா இன்னும் கொஞ்சம் சட்டுனு ஏறலாம்னு தோணுது. ஆடிக்கு ரெண்டு நாள் இருக்குது. எறக்கி இன்னும் ஒரு நூல் எடுத்துரலாமா?"

ஆறுக்குட்டி மெதுவாக என் பக்கம் திரும்பி, புரை விழாத கண்ணால் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"வேண்டாம். இது போதும்" என்றேன்.

இந்தத் தடவை யார் பேரையும் சொல்லவில்லை.